சங்கு ஊதினால் எலும்பு கூடுமா?

(அம்பத்தூரில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் முக, தாடை அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிளேட்லெட், அதாவது தட்டணு, என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மழை விட்டு இரண்டு வாரம் ஆனால் போதும், கொரட்டூரிலிருந்து திருநின்றவூர் வரை எல்லா வீட்டிலும் அதே பேச்சுதான். “கவுண்ட் எவ்வளவு?” “எண்பதாயிரம்.” “நேத்து?” “ஒரு லட்சத்துப் பத்து.” ஒருவர் பப்பாளி இலை பறிக்கப் போவார், இன்னொருவர் நிலவேம்புக் கஷாயம் வாங்கப் போவார். ஆரோக்கியமான உடம்பில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிகிறது. டெங்கு நடத்திய பாடம் அது. ஆனால் டெங்கு பாதிப் பாடத்தோடு நிறுத்திவிட்டது. தட்டணு குறைந்தால் ரத்தம் கசியும், அவ்வளவுதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

சொல்ல வேண்டிய அவசியமும் வந்துவிட்டது. சிடிஎச் ரோட்டிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் கிளினிக் பலகைகளில் இப்போது ‘பிஆர்பி’ (தட்டணு செறிந்த பிளாஸ்மா) என்ற மூன்றெழுத்து தென்படுகிறது. முடி கொட்டுவதற்கு பிஆர்பி, முழங்கால் வலிக்கு பிஆர்பி, முகப் பொலிவுக்கு பிஆர்பி, பல் இம்பிளாண்டுக்கு பிஆர்பி. கால் எலும்பு முறிந்து கம்பி வைத்தவர்கள் கூட என்னிடம் கேட்கிறார்கள்: “டாக்டர், சொந்த ரத்தத்தையே எடுத்துச் சுத்தி, அந்த மஞ்சள் தண்ணியைப் போட்டா எலும்பு சீக்கிரம் கூடிடுமாமே?” நியாயமான கேள்வி. ‘ஆமாம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒற்றைச் சொல்லில் யாராவது பதில் சொன்னால் அவரை நம்பாதீர்கள்.

முதலில் தட்டணு. அது ஒரு முழு செல்கூட இல்லை. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற பெருத்த செல் இருக்கிறது. அதிலிருந்து பிய்ந்து வரும் துணுக்குதான் தட்டணு. உட்கரு கிடையாது. அளவு இரண்டு மூன்று மைக்ரான், ஆயுள் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். 1882இல் இத்தாலியில் பிட்சொசெரோ என்ற மருத்துவர் இதைத் தனியாக அடையாளம் கண்டு, ரத்தம் உறைவதில் இதற்குப் பங்கு உண்டு என்று காட்டினார். அதன்பின் சுமார் 90 வருடம் மருத்துவ உலகமும் நம்மைப் போலவே, கசிவை அடைப்பதுதான் இதன் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அந்த எண்ணத்தை மாற்றிய சோதனை மிக எளிமையானது. 1974இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரஸ்ஸல் ராஸ் என்பவரும் கூட்டாளிகளும் குரங்கின் ரத்தக் குழாய்ச் சுவரிலிருந்து தசை செல்களை எடுத்து ஆய்வகத் தட்டில் வளர்த்தார்கள். உறைந்த ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஊற்றினால் செல்கள் பெருகின. ரத்தத்தை உறையவிடாமல், அணுக்களை நீக்கிவிட்டு, மிஞ்சிய பிளாஸ்மாவிலிருந்து எடுத்த சீரத்தை ஊற்றினால் செல்கள் மந்தமாகக் கிடந்தன. குரங்கு ரத்தம்தான் இரண்டும். ஏன் இந்த வித்தியாசம்? அந்த மந்தமான பிளாஸ்மாவில் தட்டணுவைச் சேர்த்து உறைய வைத்தார்கள். செல்கள் மறுபடி பெருகின. ஆக, ரத்தம் உறையும்போது தட்டணு எதையோ வெளியே விடுகிறது. அந்த எதையோதான் செல்லைப் பெருக்குகிறது. இதுதான் பின்னால் பிடிஜிஎஃப் என்று பெயர் பெற்ற வளர்ச்சிக் காரணி. நான் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்லுவது இந்தச் சோதனையைத்தான். பிஆர்பி பற்றிய அத்தனை நம்பிக்கையும் இதிலிருந்து முளைத்தது.

இன்று நமக்கு இன்னும் கொஞ்சம் தெரியும். தட்டணுவுக்குள் ஆல்ஃபா துகள்கள் என்று சிறுசிறு பைகள் இருக்கின்றன. பிடிஜிஎஃப் அதில் இருக்கிறது: எலும்பாகவோ தசைநாணாகவோ மாறக்கூடிய இளம் செல்களைக் காயத்துக்கு இழுத்து வந்து பெருக்கும். டிஜிஎஃப்-பீட்டா இருக்கிறது: அந்தச் செல்களை நார்ப்புரதம் சுரக்கத் தூண்டும். விஇஜிஎஃப் இருக்கிறது: புது ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும். ரத்தம் உறைந்த பத்து நிமிடத்துக்குள் இந்தச் சரக்கில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். ஒரு மணி நேரத்தில் அநேகமாக முழுவதும். ஒன்றைக் கவனியுங்கள். எலும்பு கூடுவதற்கு வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகிறது. தட்டணுவின் சரக்கோ ஒரு மணி நேரத்தில் காலி. இந்தப் பொருத்தமின்மைதான் பின்னால் வரும் பல ஏமாற்றங்களுக்கு வேர்.

எலும்பு முறிந்தால் என்ன நடக்கிறது? அந்த இடத்தில் ரத்தம் கட்டுகிறது. தட்டணுக்கள் உடைகின்றன, மேலே சொன்ன சரக்கு இறங்குகிறது. சில நாள் வீக்கமும் வலியும். இரண்டு மூன்று வாரத்தில் முறிவைச் சுற்றி மெத்தென்ற ஒரு குருத்தெலும்புக் கட்டு. பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறி அது கெட்டிப்படும். அதற்கும் பிறகு, மாதக்கணக்காக, எலும்பு கட்டும் செல்லும் எலும்பை அரிக்கும் செல்லும் மாறிமாறி வேலை செய்து பழைய வடிவத்தைக் கொண்டுவரும். தோலில் வெட்டுப்பட்டால் தழும்பு நிற்கும். எலும்போ ஒழுங்காகக் கூடினால் எலும்பாகவே கூடுகிறது. உடம்பில் இந்தத் திறமை உள்ள திசு அதிகம் இல்லை.

எலும்பின் கெட்டித்தன்மைக்குக் கால்சியம், பாஸ்பேட். ஆனால் அவை ஏறி உட்காரும் சட்டகம் கொலாஜன் என்ற நார்ப்புரதம். இதன் அமைப்பை உலகத்துக்குச் சொன்னது நம் ஊர்தான். 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழை சேர்ந்து முறுக்கிய அமைப்பு என்று கண்டுபிடித்தார்கள். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது வசதியாகப் போயிற்று. தோல் என்றாலே கொலாஜன்தானே. நல்ல படம் கிடைப்பதற்காகக் கங்காரு வாலின் தசைநாண் வரை தேடிப் போயிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் முன்வரிசையில் சிலர் ஆட்டுக்கால் சூப்பை நினைப்பது எனக்குத் தெரிகிறது. சூப்பில் கொலாஜன் உண்டு, தாராளமாகக் குடியுங்கள். ஆனால் அது வயிற்றில் செரித்துத்தான் உடம்பில் சேரும். நேராக நடந்துபோய் உங்கள் முழங்காலில் உட்காராது.

சரி, பிஆர்பிக்கு வருவோம். நோயாளியின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றுகிறோம். மெதுவாகச் சுற்றும் முதல் சுற்றில் சிவப்பணு அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் மஞ்சள் திரவத்தை எடுத்து இன்னொரு தடவை வேகமாகச் சுற்றினால் தட்டணுக்கள் அடியில் சேரும். மேல் பகுதியை ஊற்றிவிட்டால் மிஞ்சுவது தட்டணு செறிந்த பிளாஸ்மா. போடுகிற நேரத்தில் கால்சியம் குளோரைடு, த்ராம்பின் சேர்த்தால் கூழாக உறையும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

1998இல் மயாமியைச் சேர்ந்த ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை நிபுணர் வெளியிட்ட கட்டுரைதான் பிஆர்பியைப் புகழ் ஏற்றியது. கட்டியை அகற்றியதால் கீழ்த்தாடையில் 5 செ.மீ.க்கு மேல் எலும்பு இழந்த 88 நோயாளிகள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையோடு கூடிய எலும்பைச் சுரண்டி எடுத்து அந்த இடைவெளியை நிரப்பினார். ஒரு பகுதியினருக்கு அதோடு பிஆர்பியும் கலந்தார். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்த மாதிரிகளில் பிஆர்பி சேர்த்தவர்களுக்கு எலும்பின் பரப்பு 74 விழுக்காடு, சேர்க்காதவர்களுக்கு 55. எக்ஸ்ரேயிலும் முதிர்ச்சி வேகமாகத் தெரிந்தது. தட்டணு எண்ணிக்கை சாதாரண அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல். எங்கள் துறையில் அது ஒரு திருவிழா. இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டாத பல் மருத்துவ மாநாடு இல்லை என்ற நிலை வந்தது.

நான்கு வருடம் கழித்து, 2002இல், நியூயார்க்கில் ஃப்ரூம் என்பவரும் குழுவினரும் இன்னொன்றைச் செய்தார்கள். மேல்தாடையில் எலும்பு மெலிந்தவர்களுக்கு இருபுறமும் மாட்டெலும்புத் தூளை வைத்தார்கள். சுட்டுச் சுத்தப்படுத்தி, செல் ஒன்றுமில்லாமல் ஆக்கிய தூள். ஒரு பக்கம் பிஆர்பி சேர்த்து, மறுபக்கம் சேர்க்காமல். மூன்றே நோயாளிகள்தான், சிறிய ஆய்வு. ஆனால் ஒரே ஆளின் இரண்டு பக்கங்களையும் ஒப்பிடுவதால் கவனிக்கத்தக்கது. உயிருள்ள புது எலும்பின் அளவில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

ஒரே மஞ்சள் தண்ணீர். மயாமியில் வேலை செய்தது, நியூயார்க்கில் செய்யவில்லை. ஏன்?

இங்கே தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆலையில் சங்கு ஊதினால் ஆட்கள் வருவார்கள். ஆள் குடியிருக்காத இடத்தில் நின்றுகொண்டு எவ்வளவு சத்தமாகச் சங்கு ஊதினாலும் யார் வருவார்? வளர்ச்சிக் காரணி என்பது சங்குதான். மார்க்ஸ் வைத்த மஜ்ஜையில் உயிருள்ள செல்கள் ஏராளமாக இருந்தன. சங்கைக் கேட்டு வேலைக்கு வந்தன. ஃப்ரூம் வைத்த தூளில் கேட்பதற்கு ஆளே இல்லை. தட்டணு எலும்பைக் கட்டுவதில்லை. கட்டக்கூடிய செல்லைக் கூப்பிடுகிறது, அவ்வளவே. என்னைக் கேட்டால், இருபத்தைந்து வருடத்துப் பிஆர்பி ஆய்வுகளில் பாதிக் குழப்பம் இந்த ஒன்றை மறந்ததால் வந்தது.

கூப்பிடுவதிலும் அளவு உண்டு. 2004இல் ஜெர்மனியில் வைப்ரிஷ் குழு முயல்களில் பார்த்தது: ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் தட்டணு என்ற அளவில் இம்பிளாண்டைச் சுற்றி எலும்பு நன்றாக வளர்ந்தது. அதைவிடக் குறைந்தால் பயன் தெரியவில்லை. ரொம்ப மிஞ்சினால் வளர்ச்சி தடைபட்டது. ஆய்வகத் தட்டிலும் இதே கதை. செறிவு கூடினால் எலும்பு செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும், ஆனால் முதிர்ந்து சுண்ணாம்பு ஏற்றும் வேலைக்குப் போகாது. டிஜிஎஃப்-பீட்டாவின் குணமே அப்படி: ஆரம்பத்தில் ஊக்கும், கடைசிக் கட்டத்தில் தடுக்கும். ஆகவே “எங்களிடம் பத்து மடங்கு செறிவு” என்று யாராவது விளம்பரம் செய்தால், அது பெருமையல்ல.

இன்னொரு செய்தி. முதிர்ச்சியில்லாத செல்லை எலும்பு செல்லாகவே மாற்றும் வளர்ச்சிக் காரணி ஒன்று உண்டு. பிஎம்பி என்று பெயர். 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் சுண்ணாம்பு நீக்கிய எலும்புத் துண்டை விலங்கின் தசைக்குள் வைத்தார். தசைக்குள் எலும்பு முளைத்தது! அந்தப் பொருள்தான் பிஎம்பி. தட்டணுவில் இதை எதிர்பார்க்க முடியாது. அது எலும்பின் சட்டகத்துக்குள் புதைந்திருக்கிறது, அதுவும் மிக மிகச் சொற்பமாக. ஆலையில் தயாரித்த பிஎம்பி-2ஐ மில்லிகிராம் கணக்கில் முதுகெலும்பு அறுவையில் வைக்க 2002இல் அமெரிக்கா அனுமதித்தது. கழுத்துப் பகுதி முதுகெலும்பில் வைத்தபோது தொண்டை வீங்கி மூச்சுத் திணறல் வந்ததாக 2008இல் எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. 2011இல் முதுகெலும்பு மருத்துவ இதழ் ஒன்று, ஆரம்ப ஆய்வுகள் தீங்குகளைக் குறைத்துக் காட்டின என்று அம்பலப்படுத்தியது. சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் பிஆர்பியில் இந்த வகை ஆபத்து இல்லை. அது அதன் பெரிய நல்ல குணம். ஆனால் ஆபத்தில்லை என்பதும் பயனுண்டு என்பதும் வேறு வேறு.

கை கால் எலும்புக்குப் பயனுண்டா? இத்தாலியில் கலோரி குழு, கூடாமல் நின்றுவிட்ட நீண்ட எலும்பு முறிவு உள்ள 120 பேரை எடுத்து, 60 பேருக்குப் பிஎம்பி-7, 60 பேருக்குப் பிஆர்பி கொடுத்து 2008இல் முடிவைச் சொன்னது. பிஎம்பியில் 52 பேருக்குக் கூடியது, பிஆர்பியில் 41 பேருக்கு. இங்கிலாந்தில் இடுப்பு மூட்டருகே தொடையெலும்பு முறிந்த முதியவர்கள் 200 பேரிடம் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. திருகு வைக்கும்போது பிஆர்பி சேர்ப்பதால் தெளிவான லாபம் தெரியவில்லை. அதற்கு முந்தைய வருடம் காக்ரேன் அமைப்பு நீண்ட எலும்புக்கான ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தபோது தகுதியானதாக ஒன்றே ஒன்றுதான் தேறியது. அதிலும் 21 பேர்தான். ஒரு புது முறிவுக்கு, ஒழுங்காகப் பிளேட்டோ கம்பியோ வைத்த பிறகு, கூடுதலாகப் பிஆர்பிக்குப் பணம் கட்டச் சொல்ல இது போதிய ஆதாரம் இல்லை. இது என் துணிந்த கருத்து.

இந்தப் பக்கத்தில் எலும்பைப் பற்றிப் பேசிவிட்டுப் புத்தூர் கட்டைத் தொடாமல் போக முடியாது. ஆந்திரத்தில் திருப்பதி போகிற வழியில் இருக்கும் புத்தூரின் பெயர், இங்கே ஆவடியிலும் அம்பத்தூரிலும் எத்தனை பலகைகளில்! பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. படித்த டாக்டர்கள் இதைக் கேலி செய்வது வழக்கம். நான் கேலி செய்ய மாட்டேன். முறிந்த துண்டுகளை நேராக்கி அசையாமல் பிடிப்பது என்ற அடிப்படை அதில் இருக்கிறது. பெரும்பாலான சாதாரண முறிவுகள் அசையாமல் வைத்தாலே கூடிவிடும். பிரண்டை எலும்பைக் கூட்டுமா என்று பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாதும் 1960களிலேயே விலங்குகளில் சோதித்து, சாதகமான முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் கை நீலம் பாரித்து, விரல் மரத்துப் போன பிறகு இரண்டு நாள் வீட்டில் படுத்திருந்துவிட்டு வருகிறவர்களை எல்லா எலும்பு மருத்துவமனைகளும் பார்க்கின்றன. ரத்த ஓட்டம் நின்றால் எந்தப் பச்சிலையும், எந்தப் பிஆர்பியும் காப்பாற்றாது. மூட்டுக்குள் போன முறிவு, தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவு, குழந்தையின் முழங்கை முறிவு, இவற்றுக்குத் தயவுசெய்து கட்டுக்குப் போகாதீர்கள்.

பல் மருத்துவத்தில் மட்டும் கதை கொஞ்சம் நம்பிக்கையாக இருக்கிறது. 2001இல் பிரான்ஸில் சுக்ரூன் என்பவர், சிட்ரேட்டும் வேண்டாம், மாட்டு த்ராம்பினும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். மாட்டு த்ராம்பினால் சிலர் உடம்பு தன் உறைதல் காரணிகளையே எதிர்க்க ஆரம்பித்தது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. பத்து மில்லி ரத்தத்தை எதுவும் சேர்க்காமல் உடனே சுற்ற வேண்டியது. குழாயின் நடுவில் ஃபைப்ரின் கட்டி ஒன்று, ஜெல்லி மாதிரி, நிற்கும். அதுதான் பிஆர்எஃப். இந்தக் கட்டி தட்டணுச் சரக்கை ஒரே மூச்சில் கொட்டாமல் ஒரு வாரம், அதற்கு மேலும் கசியவிடுகிறது. கடைவாயில் புதைந்த ஞானப்பல்லைப் பிடுங்கிய குழியில் வைத்தால் வலியும், குழி காய்ந்து போகும் தொல்லையும் குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்லுகின்றன. ஈறு சீக்கிரம் மூடுகிறது. எலும்பு கூடுதலாக வளர்கிறதா என்பதில்தான் முடிவுகள் ஒத்துவரவில்லை. வேலப்பன்சாவடியில் சவீதா, கோல்டன் ஜார்ஜ் நகரில் தாய் மூகாம்பிகை, போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா என்று நம்மைச் சுற்றிப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. நாடெங்கும் இத்தகைய கல்லூரிகளின் முதுநிலை மாணவர்களுக்குப் பிஆர்எஃப் பிடித்த தலைப்பு. செலவு குறைவு, ஒரு சென்ட்ரிஃபியூஜ் போதும். அந்த மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பத்து இருபது நோயாளிகளோடு ஆளுக்கொரு ஆய்வேடு எழுதுவதைவிட, நான்கு கல்லூரி சேர்ந்து ஒரே முறையில், தட்டணு எண்ணிக்கையையும் எழுதி வைத்து, சில நூறு பேரைப் பாருங்கள். பல கட்டுரைகளில் குழியில் வைத்ததில் எத்தனை தட்டணு இருந்தது என்ற எண்ணே இல்லை.

எலும்பு கூடுவதற்கு நோயாளி தன் கையால் செய்யக்கூடியது இருக்கிறது, அதற்கு யாரும் பில் போட மாட்டார்கள். பீடி, சிகரெட்டை நிறுத்துவது. புகை ரத்தக் குழாயைச் சுருக்கி, முறிவு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. இதற்கான ஆதாரம் பிஆர்பிக்கு இருப்பதைவிட எவ்வளவோ உறுதியானது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. கொஞ்ச நேரம் வெயில். வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தாடை மருத்துவனாக ஒரு கூடுதல் வேண்டுகோள்: பாதித் தலைக்கவசம் தாடையைக் காப்பாற்றாது, முழுமுகக் கவசம் வாங்குங்கள்.

பிஆர்பியோ பிஆர்எஃப்போ உங்களுக்குச் செய்யலாம் என்று டாக்டர் சொன்னால் பயப்படாதீர்கள், வெறுமனே தலையும் ஆட்டாதீர்கள். என் முறிவுக்கு இது இல்லாமலே கூடுமா, கூடாதா? இதோடு மஜ்ஜையோடு கூடிய என் எலும்பையும் வைக்கிறீர்களா, வெறும் தூள்தானா? தட்டணு எண்ணிக்கையைப் பார்ப்பீர்களா? இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்டால் கோபப்படாத டாக்டரிடம் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தரச் சொல்லுங்கள். படித்துவிட்டு, வீட்டில் ஒருவரையும் படிக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.